மேட்டுப் பக்கம் மண் தள்ளிய கலப்பை

தங்கையாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. ஆனாலும் அவருடைய காக்கிச் சட்டையின் இடது பையில் ஒரு சுண்ணாம்பு டப்பா எப்போதும் இருக்கும். அந்தச் சுண்ணாம்பு வாய்க்கல்ல, இரும்புக்கு.

பழைய இரும்பு எது கைக்கு வந்தாலும் முதலில் துருவைச் சுரண்டுவார். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் நனைய நனையத் துடைத்துக் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுவார். பிறகு காய்ந்த துணியால் ஈரம் தெரியாமல் துடைத்து, அதன் மேல் சுண்ணாம்பை மெல்லிசாகப் பூசுவார். அது உலர்ந்ததும் சுத்தியலால் நாலு தட்டு. இரும்புக்குள் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் போதும். அதில் புகுந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து வந்து, வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். தேயிலை ஆலையில் இந்தச் சோதனையில் தேறாத எந்தத் துண்டும் இயந்திரத்தில் ஏறியதில்லை.

அவர் பிறந்தது 1911. பதினைந்து வயதில் கப்பல் ஏறி மலாய் நாட்டுக்கு வந்து, முதலில் மலைப் பாதைக்குக் கல் உடைத்தார். 1931-ல் தோட்டத்து ஆலையில் அடுப்புக்கு விறகு போடும் வேலை. அங்கிருந்து எண்ணெய் ஊற்றும் வேலை, அதிலிருந்து பட்டறை. 1938 முதல் அவர்தான் பட்டறையின் பிட்டர். படித்து வாங்கிய பட்டம் ஏதும் இல்லை. ஒரு மரையாணியை விரலால் தடவியே அதன் அளவைச் சொல்லிவிடுவார் என்பதுதான் அவருடைய சர்டிபிகேட்.

காட்டுக்குள் இருந்து போரிட்டவர்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கி நான்காம் வருடம், 1952 மார்ச்சில், மூன்று இடங்களில் சிதறிக் கிடந்த லயன்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒன்றாக்கினார்கள். நாற்பத்திரண்டு குடும்பங்கள் ஒரே முள்வேலிக்குள் வந்தன. மாலை ஆறு மணிக்குத் தண்டவாளத் துண்டில் மணி அடித்தால் வாசல் மூடிவிடும். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. ஓடைக்கு அப்பால் ஒவ்வொரு குடும்பமும் வைத்திருந்த காய்கறிப் பாத்திகள் வேலிக்கு வெளியே போய்விட்டன. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு உணவாகிவிடும் என்று அவற்றைப் பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டார்கள். தங்கையாவின் மனைவி செல்லம், காய்த்துக் கிடந்த பதினாறு கத்திரிச் செடிகளைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தவள். அதற்குப் பிறகு கோலா தெர்லாவிலிருந்து வாரம் இரண்டு முறை வரும் காய்கறி லோரிதான் கதி. அது வராத வாரங்களில் கருவாடும் பருப்பும்தான்.

வேலிக்கு உள்ளே நிலம் இல்லாமல் இல்லை. லயனுக்குப் பின்னால் மூன்றேகால் ஏக்கர் சரிவு கிடந்தது. நூறடிக்குப் பன்னிரண்டு அடி இறக்கம். இடுப்பு உயர லாலாங் புல். கொழுந்து பொங்கி வரும் பருவத்தில் அதை மண்வெட்டியால் கொத்துவதற்கு ஆள் விட முடியாது என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. ஆலையில் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. முந்தின வருடம் கொழுந்து வண்டி இழுப்பதற்காக வந்தது. அதற்குப் பின்னால் மாட்ட ஒரு கலப்பை இருந்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் புதுக் கலப்பை வாங்கக் கம்பெனி சம்மதிக்கவில்லை. சம்மதித்திருந்தாலும் கப்பலில் வந்து சேர எட்டு மாதம் ஆகும்.

ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, ஆபீஸ் வாசலில் துரை விஷயத்தைச் சொல்லிவிட்டார். செப்டம்பர் இருபதாம் தேதிக்குள் சரிவு முழுக்க உழுதிருந்தால், பெருமழைக்கு முன்பே அதைப் பாத்திகளாகப் பிரித்து நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கும் கொடுப்பார். இல்லையென்றால் அங்கே தேயிலைக் கன்று இறங்கும். தேயிலை ஒரு முறை இறங்கினால் ஐம்பது வருடத்துக்கு அந்த மண் வேறு எதற்கும் கிடைக்காது.

"பழசு ஒண்ணு கெடச்சா போதும் தொர. நான் ஓட வச்சுருவேன்" என்றார் தங்கையா.

துரை தலையசைத்துவிட்டு உள்ளே போனார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சிங்காரம் போகவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார்.

"பெரிய வாக்கு குடுத்துட்ட தங்கையா. பழைய சோத்துல பிரியாணி செய்யப் போறியாக்கும்."

"அரிசி நல்ல அரிசியா இருந்தா பழைய சோறும் மணக்கும் கிராணியாரே. ரிங்லெட் போறதுக்கு ஒரு பெர்மிட் மட்டும் எழுதிக் குடுங்க."

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 11-ம் தேதி, போலீஸ் வண்டிகளுக்கு நடுவே தோட்டத்து லோரியில் ஆறரை மைல் இறங்கி ரிங்லெட்டுக்குப் போனார் தங்கையா. அங்கே அப்துல் சுக்கூர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். கடையின் முன்பக்கம் ரொட்டியும் டீயும். பின்பக்கக் கொல்லையில் பழைய பம்பு, உடைந்த வண்டிச் சக்கரம், குழாய், சங்கிலி என்று ஒரு தனி உலகம். அவசரகாலத்தில் ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் விட்டுப்போன பண்டமெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

"வா தங்கையா. டீயக் குடிச்சுட்டு இரும்பப் பாக்குறியா, இரும்பப் பாத்துட்டு டீயக் குடிக்கிறியா?"

"இரும்பப் பாத்துட்டு நானா. இரும்பு சரியில்லேன்னா டீயும் கசக்கும்."

கொல்லையில் இரண்டு கலப்பைகள் இருந்தன. ஒன்று, வளைந்த இரும்புப் பலகை மண்ணைப் புரட்டும் கலப்பை. சிவப்புப் பெயிண்ட் பளபளத்தது.

"மாப்ள வீட்டுக்குக் கெளம்புன பொண்ணு மாதிரி இருக்கு பாரு" என்றார் சுக்கூர்.

"அதான் நானா பயமா இருக்கு. கலப்பைக்கு எதுக்குப் பவுடரு?"

தங்கையா முதலில் கலப்பையின் காலைப் பார்த்தார். உழும்போது எல்லாப் பாரமும் அந்தக் காலில்தான் இறங்கும். கத்தியால் ஒரு சாண் அளவு பெயிண்டைச் சுரண்டினார். மண்ணெண்ணெய், துணி, சுண்ணாம்பு. வெற்றிலை போடாத ஆள் சுண்ணாம்பு டப்பாவை எடுத்ததைப் பார்த்து, கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்து நின்றார்கள். சுண்ணாம்பு காய்ந்தது. நாலு தட்டு. மேலிருந்து கீழாக, வளைந்து, மூன்றே முக்கால் அங்குலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு எழுந்து வந்தது.

சுக்கூர் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "எங்கிட்ட வரும்போதே பெயிண்டோடதான் வந்துச்சு. சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா."

"ஒங்களச் சொல்லல நானா."

"இனிமே இதக் கலப்பைன்னு விக்க மாட்டேன். இரும்புன்னுதான் விப்பேன்" என்று சொல்லி, அப்போதே அதைப் புரட்டி உடைசல் குவியல் பக்கம் தள்ளிவிட்டார்.

மற்றது தட்டுக் கலப்பை. ஒரு கனத்த குழாய் உத்தரம். அதில் சாய்வாகத் தொங்கும் இரண்டு பெரிய எஃகுத் தட்டுகள். டிராக்டர் இழுக்கும்போது தட்டுகள் சுழன்று மண்ணை வெட்டி ஒரு பக்கமாக எறியும். கோழிக் கூட்டுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது அது. துரு செங்கல் நிறத்தில் ஏறியிருந்தது. தட்டுகள் சுழலும் பேரிங் இரண்டும் பொடியாகிப் போயிருந்தன. ஒரு தட்டின் விளிம்பில் இரண்டு அங்குலம் உடைந்திருந்தது. டிராக்டரோடு மேலே பூட்டும் கம்பி காணவே இல்லை. பின்னால் உருளும் சின்னச் சக்கரத்தின் அச்சு கோணியிருந்தது. ஆனால் உத்தரமும் கால்களும் சுண்ணாம்புக்கு ஒரு கோடுகூடக் காட்டவில்லை. டிராக்டர் கைகளில் மாட்டும் முளைகளை அளந்தார். முக்காலே அரைக்கால் அங்குலம். தோட்டத்து டிராக்டருக்கு அதே அளவுதான்.

"தாப்பாவுக்குக் கீழ ஒரு தொர வச்சிருந்தது. நல்ல சமதரையில ஓடுனது. ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார் சுக்கூர்.

சமதரை என்ற சொல் தங்கையாவின் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

விலை பேசி முடிக்க இரண்டு டீ ஆனது. திரும்பும் வழியில் தடுப்பில் லோரியை நிறுத்தினார்கள். மலாய்க் காவலர் ஒருவர் மேலே ஏறி, குழாய் உத்தரத்தின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். அரிசியைச் சைக்கிள் குழாயிலேயே ஒளித்துக் கடத்திய காலம்.

"பெராஸ் அடா?" என்றார், அரிசி இருக்கிறதா என்று.

"பெராஸ் இல்லலா. வேணும்னா குத்திப் பாருங்க என்சே."

அவர் ஒரு நீண்ட கம்பியை விட்டுக் குத்தினார். காய்ந்த மண்ணும் பழைய குளவிக் கூடும் பொலபொலவென்று அவர் பூட்ஸ் மேலேயே கொட்டின. லோரியில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். தங்கையா பணிவாகச் சொன்னார்: "நல்லதாப் போச்சு. பட்டறையில நானே செய்ய இருந்த வேல."

அடுத்த பதினெட்டு நாள் பட்டறையில் ஓய்வில்லை. பேரிங்குக்கு மாற்று எங்கும் கிடைக்காது. கொழுந்து உருட்டும் இயந்திரத்திலிருந்து கழற்றிப் போட்ட பித்தளை வளையங்கள் ஒன்பது அவரிடம் இருந்தன. அவற்றில் நான்கை லேத்தில் கடைந்து தட்டுகளின் அச்சுக்குப் பொருத்தினார். உடைந்த தட்டை விளிம்பு சுற்றி வெட்டி இருபத்துநான்கு அங்குலமாக்கினார். ஒரு தட்டுச் சிறியது ஒரு தட்டுப் பெரியது என்றால் கலப்பை ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே நன்றாக இருந்த தட்டையும் அதே அளவுக்கு வெட்டினார். நல்ல இரும்பை வெட்டுகிறாரே என்று பார்த்தவர்கள் பதறினார்கள். மேல் கம்பிக்கு, கொழுந்து வாட்டும் மாடியில் கம்பிவலையை முறுக்கி இழுக்கும் திருகு ஒன்று கிடைத்தது. ஒரு முனையில் வலமரை, மறு முனையில் இடமரை; நடுவே திருகினால் நீளம் கூடும், குறையும். டிராக்டருக்கென்றே செய்தது போல உட்கார்ந்தது.

செப்டம்பர் 1-ம் தேதி, திங்கட்கிழமை, மாலை நாலு மணிக்குக் கடைசிக் கொழுந்து வண்டி நிறுக்கப்பட்டதும், டிராக்டர் ஓட்டும் கந்தன் கலப்பையை மாட்டினான். டிராக்டருக்கு ஓய்வு நாலிலிருந்து, வாசல் மூடும் ஆறுவரைதான். அந்த இரண்டு மணி நேரத்தில் கால் ஏக்கர் உழலாம் என்பது தங்கையாவின் கணக்கு.

தட்டுகள் புல்லுக்குள் இறங்கின. லாலாங் வேர் அறுபடும் சத்தம் துணி கிழிவது போல் கேட்டது. கறுப்பு மண் மல்லாந்து விழுந்தது. வேலியோரம் நின்ற லயன் சனம் முழுவதும் கூடவே நடந்து வந்தது. துரைகூட ஆபீஸ் மேட்டிலிருந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கும் மறுநாளைக்குமாக அரை ஏக்கர் உழுதாகிவிட்டது. இரண்டாம் தேதி சாயங்காலம் தங்கையா நடந்த நடையைப் பார்த்து, புது வேட்டி கட்டியவர் போல் நடக்கிறார் என்று கந்தன் சொன்னான்.

செல்லம் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. உழுத இடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செல்லம், நல்லா இல்லியா?"

"உழவு நல்லாத்தாங்க இருக்கு. அந்தப் பக்கம் போறப்ப மண்ண மேட்டுப் பக்கம் தள்ளுது. திரும்பி வர்றப்ப பள்ளத்துப் பக்கம் தள்ளுது. பாத்தீங்களா?"

"அது வலப்பக்கம் தள்ளுற கலப்ப. போறப்ப வலப்பக்கம் மேடு, வர்றப்ப வலப்பக்கம் பள்ளம். எல்லாக் கலப்பையும் அப்பிடித்தான்."

"எல்லாக் கலப்பையும் மலையிலயா ஓடுது?"

அவர் பதில் சொல்வதற்குள் ஆறு மணி அடித்துவிட்டது. வாசல் மூடியதும் மழை பிடித்தது. முக்கால் மணி நேரம் பெய்தது.

இந்த இடத்தில் மண்குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைத் தோட்டத்தில் மழை ஒவ்வொன்றும் மேல்மண்ணைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். அதைப் பிடிக்கச் சரிவின் அடியில் நீளமாகக் குழி வெட்டியிருப்பார்கள். மழை விட்ட மறுநாள் காலையில் பெண்கள் கும்பல் ஒன்று குழியில் சேர்ந்த மண்ணை அள்ளிக் கூடையில் சுமந்து, வந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும். செல்லம் பதினொரு வருடமாக அந்தக் கும்பலில் இருந்தாள். தங்கையா இருபது வருடமாக ஆலைக் கூரைக்கடியில் இருந்தார். அவருக்கு இரும்பின் கனம் தெரியும். மண்ணின் கனம் தெரியாது.

செப்டம்பர் 3-ம் தேதி காலையில் இருபதடிக் குழி வாய்வரை நிரம்பியிருந்தது. பள்ளத்துப் பக்கம் புரட்டிப் போட்ட பொலபொலப்பான மண்ணெல்லாம் அங்கேதான் கிடந்தது. துரை வந்து பார்த்தார். சாதாரண மழைக்கே இப்படியென்றால் பெருமழைக்குப் பாத்தி எது, விதை எது என்று கேட்டுவிட்டு, உழவை நிறுத்தச் சொன்னார். மேட்டுப் பக்கம் மண் விழுகிற திசையில் மட்டும் உழுதுவிட்டுத் திரும்பும்போது சும்மா வரலாமே என்றான் கந்தன். அப்படிச் செய்தால் கிட்டத்தட்ட இரட்டை நாள் பிடிக்கும். இருபதாம் தேதி தாண்டிவிடும்.

கிராணி சிங்காரம் குழியோரம் நின்று சொன்னார்: "பிரியாணி அடிப்புடிச்சிருச்சு போலிருக்கே தங்கையா."

தங்கையா குழிக்குள் குனிந்து பார்த்தார். பெண்கள் மண் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். செல்லம் ஒரு கூடையை அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரு நட சொமந்து பாருங்க. அப்பறம் பட்டறைக்குப் போங்க."

கும்பலில் ஒருத்தி, ருக்குமணி, சிரித்துக்கொண்டே, "பிட்டர் ஐயாவுக்குச் சும்மாடு கட்டத் தெரியுமாக்கா?" என்றாள்.

தெரியவில்லை. செல்லம்தான் கட்டி வைத்தாள். ஈரமண் கூடையோடு ஒரு முறை ஏறினார். இரண்டாவது முறை ஏறினார். மூன்றாவது முறை பாதியில் நின்று மூச்சு வாங்கினார். இறங்கி வந்து குழியோரம் குந்தினார். அப்படிக் குந்தியபடியே செல்லம் மண் அள்ளுவதைப் பார்த்தார். அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இடப்பக்கக் கூடை நிரம்பியதும் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினாள். அதே மண்வெட்டி வலப்பக்கக் கூடைக்கு மண்ணைத் தள்ளியது. மறுபடி ஒரு திருப்பு; இடப்பக்கம்.

தங்கையா எழுந்து நின்றார். "இன்னொரு தரம் திருப்பு."

"எத?"

"மண்வெட்டிய. அப்பிடித்தான்."

அவர் எதைப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. மூன்று முறை திருப்பிக் காட்டினாள். வளைந்த பலகைக் கலப்பையாக இருந்தால் முடியாது. அதன் வளைவே ஒரு பக்கத்துக்கு என்று வார்த்தது. ஆனால் தட்டு வட்டமானது. அதற்கு வலம் இடம் கிடையாது. சாய்த்து மாட்டியிருக்கும் விதம்தான் மண்ணை எந்தப் பக்கம் எறிவது என்று சொல்கிறது. உத்தரத்தையே ஒரு மணிக்கட்டின் மேல் உட்கார வைத்தால்?

சும்மாட்டுத் துணியைத் தலையிலிருந்து எடுக்க மறந்தே பட்டறைக்கு நடந்தார்.

ஐந்து நாள். உத்தரத்தைச் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்து, நடுவில் ஒன்றரை அங்குலக் கனத்தில் ஓர் அச்சாணியை நிறுத்தி, அதன் மேல் சுழலும்படி உட்கார வைத்தார். கீழே அரை அங்குலத் தகட்டில் இரண்டு துளைகள். ஒன்று வலம் தள்ள, ஒன்று இடம் தள்ள. துளையில் பூட்டுமுளை இறங்கினால் உத்தரம் அசையாது. பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் தானே திரும்பும்படி விட்டு, அதற்கு இரண்டு தடுப்பு வைத்தார். வரிசை முடிந்ததும் கந்தன் இறங்கி, முளையை உருவி, உத்தரத்தைச் சுழற்றி, மறு துளையில் முளையைப் போட வேண்டும். ஒன்றிலிருந்து நாற்பதுவரை எண்ணுவதற்குள் ஆகிவிடும் வேலை.

அவசரத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அது பின்னால்தான் தெரிந்தது.

செப்டம்பர் 9-ம் தேதி நாலு மணிக்கு மறுபடி தொடங்கினார்கள். மேட்டின் உச்சியிலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கீழிறங்கி வந்தது டிராக்டர். போகும்போது மண் மேட்டுப் பக்கம் விழுந்தது. முனையில் கந்தன் இறங்கி உத்தரத்தைத் திருப்பினான். திரும்பும்போதும் மண் மேட்டுப் பக்கம்தான் விழுந்தது. வேலியோரம் நின்றவர்கள் மூன்று வரிசைவரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான்காவது வரிசையில் ருக்குமணிதான் முதலில் சொன்னாள்: "செல்லக்கா, இது ஒங் கை மண்வெட்டியத் திருப்புற மாதிரியே இல்ல?"

நாளொன்றுக்குக் கால் ஏக்கர். ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினார்கள். மிச்சம் பதினொரு நாள் வேலை; கையில் பன்னிரண்டு நாள். ஒரு நாள்தான் உபரி.

அந்த உபரி நாள் செப்டம்பர் 16-ல் போயிற்று. ஒரு புதைந்த மரவேரில் தட்டு மோதியது. படீர் என்ற சத்தம். உத்தரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒன்றரை அங்குல அச்சாணி கழுத்தில் முறிந்திருந்தது. முறிந்த வாயைத் தங்கையா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதி பளபளவென்று புது முறிவு. மீதிப் பாதி பழுப்பேறிய பழைய விரிசல். உருட்டும் இயந்திரத்தின் பழைய தண்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு அது. தம் ஆலை இரும்புதானே என்று, அந்த ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசாமல் விட்டிருந்தார்.

"கந்தா, தப்பு வேருமேல இல்ல. எம்மேலதான்."

"விடுங்கண்ணே. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

மறுநாள் மதியத்துக்குள் அதே தண்டின் மறு முனையிலிருந்து வேறொரு துண்டு வெட்டினார். இந்த முறை மண்ணெண்ணெய், கால் மணி நேரம், சுண்ணாம்பு, நாலு தட்டு. ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே நின்றது. நாலு மணிக்குக் கலப்பை சரிவில் இருந்தது.

இனி ஒரு நாள்கூட மிச்சமில்லை. 17, 18, 19. தினமும் ஆறு மணி அடிக்கும்வரை ஓட்டினார்கள். 20-ம் தேதி சனிக்கிழமை மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சரிவின் அடியில், குழிக்கு மேலே, ஏழு வரிசை பாக்கி. துரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவருக்கு இரண்டடி தள்ளிச் சிங்காரம். தங்கையா வரிசை முனையில் நின்றுகொண்டார். கந்தன் டிராக்டரை விட்டு இறங்காமல் இருக்கத் தாமே முளையை உருவித் திருப்பிப் போட்டார். நாற்பது எண்ணுகிற வேலை பதினைந்து எண்ணுவதற்குள் முடிந்தது. கடைசி வரிசையின் மண் மேட்டுப் பக்கம் சாய்ந்து விழுந்தபோது மணி ஐந்து நாற்பத்திரண்டு.

துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டு, சிங்காரத்திடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். சிங்காரம் தங்கையாவிடம் வந்தார்.

"பாத்தி பிரிக்கக் கயிறும் முளைக்குச்சியும் திங்கக்கெழம எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு."

"சரிங்க கிராணியாரே."

"தங்கையா." சிங்காரம் காதிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி செருகினார். "பிரியாணி நல்லாவே வந்துருச்சுப்பா."

ஞாயிறு சாயங்காலம் அந்த மாதத்தின் முதல் பெருமழை அடித்தது. இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தது. தகரக் கூரையில் சத்தம் கேட்கக் கேட்கத் தங்கையா எழுந்து எழுந்து உட்கார்ந்தார். செல்லம் அடுப்பைப் பார்த்தபடியே, "உக்காருங்க. குழிக்குள்ள போயா படுத்துக்கப் போறீங்க?" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் கும்பல் கூடைகளோடு சரிவுக்குப் போனது. உழுத மண் படிப்படியாக மேட்டுப் பக்கம் சாய்ந்து, வரிசைக்கு வரிசை ஒரு சின்ன வரப்புப் போல் நின்று தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தது. குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். அதற்குள் கையை விட்டு ருக்குமணி அடிமண்ணை அள்ளிக் காட்டினாள். எல்லாம் சேர்த்து இரண்டரைக் கூடை. முந்தின மழைக்கு, அரை ஏக்கருக்கே, அறுபத்து நாலு கூடை சுமந்திருந்தார்கள்.

அன்று பத்து மணிக்குப் பாத்தி பிரித்தார்கள். கயிறு பிடித்து அளந்து, நாற்பத்திரண்டு துண்டு. யாருக்கு எது வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுச் சிங்காரம் எழுதிக்கொண்டார். முதலில் வந்தவர்கள் எல்லோரும் மேட்டையும் நடுவையும் கேட்டார்கள். குழியை ஒட்டிய அடிப் பாத்தியை அதுவரை யாரும் தொடவில்லை. சரிவில் எங்கே மண் கழன்றாலும் முதலில் மூடுவது அடிப் பாத்தியின் நாற்றைத்தான். பதினொரு வருடம் குழியில் நின்றவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கலப்பை அதற்குப் பிறகும் ஓடியது. மறு வருடமே பக்கத்துத் தோட்டத்துத் துரை வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். அவசரகாலம் முடிந்த 1960 வரை பித்தளை வளையங்களை நான்கு முறை மாற்றினார்கள். அச்சாணியை ஒரு முறைகூட மாற்றவில்லை. ரிங்லெட்டில் அப்துல் சுக்கூர் கொல்லைக்குச் சாமான் பார்க்க வருகிறவர்களிடம், தாமே ஒரு சுண்ணாம்பு டப்பாவை நீட்டத் தொடங்கினார்.

ஆனால் தங்கையா தம் வாழ்நாளில் பெரிய பெருமையாக நினைத்தது இவை எதையும் அல்ல. பாத்தி பிரித்த அன்று நடந்த ஒன்றைத்தான். செல்லத்தின் முறை வந்தது. மேட்டில் இன்னும் மூன்று நல்ல துண்டு பாக்கி இருந்தது.

"எது வேணும் செல்லம்?" என்று கேட்டார் சிங்காரம்.

"அடிப் பாத்தி."

"குழியோரமா? வெளயாடுறியா? மேட்டுல எடம் இருக்கு பாரு."

"மேட்டுல இருக்குற மண்ணு மேட்டுலயே நிக்கும் கிராணியாரே" என்றாள் செல்லம். "அடிப் பாத்தின்னு எழுதுங்க."

சிங்காரம் எழுதினார். தங்கையா கயிற்றின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்லம் புடவை முந்தானையை அவிழ்த்து, மார்ச் மாதத்திலிருந்து முடிந்து வைத்திருந்த கத்திரி விதையை உள்ளங்கையில் கொட்டி எண்ணத் தொடங்கினாள்.